தானாக இறங்கிவிடும் என்றார்கள்

போன வாரம், ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டி ஆட்களுக்கு வைக்கும் குழம்பைப் பற்றி எழுதினேன். நாக்கில் எச்சில் ஊறியது என்று நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். இந்த வாரம் அப்படி யாரும் எழுதப் போவதில்லை. எழுதவும் வேண்டாம். வீட்டில் ஆண் குழந்தை இருந்தால், படித்து முடித்ததும் போய் அதன் ஜட்டியைக் கழற்றிப் பாருங்கள். எனக்கு அது போதும்.

தடவிப் பார்த்து வாங்கிய கெடாய்

என் கொழுந்தனார் மகனுக்குக் காதுகுத்து. எங்கள் குலதெய்வக் கோயில் சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் சங்ககிரி மலை தெரியும். காலையிலேயே உறவுக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். வேப்பமரத்தில் கெடாய் கட்டியிருந்தது. பக்கத்தில் என் மாமனார், வெள்ளை வேட்டியில், கெடாயைவிட மிடுக்காக நின்றுகொண்டிருந்தார்.

"சந்தையில எத்தனையோ பாத்துத் தள்ளிட்டனுங்க. இதத்தான் ரெண்டும் எறங்கியிருக்குதான்னு தடவிப் பாத்து வாங்குனேன். கல்லாட்டம் இருக்குது. ஒத்தையா இருந்தா நம்ம சாமிக்கு ஆகுமுங்களா?"

"உங்க கை பட்டா கெடாய்க்கே கூச்சம் வந்துருமுங்க மாமா" என்றார் யாரோ. எல்லாரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

காது குத்தி முடித்ததும் குழந்தை கத்திக் கத்தி மூத்திரம் பெய்துவிட்டான். அவனுடைய அம்மா கவிதா, அதாவது என் ஓரகத்தி, அவனைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் இருந்த அறைக்கு வந்தாள். மாற்றுத் துணியை எடுத்துக்கொண்டு நானும் போனேன். ஈரத் துணியை நான்தான் உருவினேன்.

விதைப்பை ஒரு பக்கம் உருண்டையாக இருந்தது. மறுபக்கம் காலியாக, காற்று இறங்கிய பலூன் போலச் சுருங்கிக் கிடந்தது.

கவிதா சட்டென்று துண்டை எடுத்து மூடினாள். "அக்கா, ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. மழைக்கு அவரு வாரப்பப் பாத்துக்கலாம்னு மாமா சொல்லிப்போட்டாரு."

"டாக்டரு என்ன சொன்னாங்க?"

"ஆறு மாசம் பாப்போம்னாங்க. அது முடிஞ்சிருச்சு. ஆப்பரேசன் பண்ணோணும்னாங்க. மாமாதான், அதெல்லாம் தானா எறங்கிரும், பெரியவனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு, அப்பறம் தானா எறங்கிருச்சுன்னாரு. ஏங்க்கா, அப்படித்தானுங்களே?"

பெரியவன் என்றால் என் மகன்.

கையில் ஈரத் துணியோடு அப்படியே நின்றேன். தானா எறங்கிருச்சாம்.

மழைக்கு வரும் அப்பன்கள்

எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்தில் பாதி வீடுகளில் ஆம்பிளை இருக்க மாட்டான். சட்டீஸ்கரிலோ ராஜஸ்தானிலோ தண்ணீருக்குப் பூமியைத் துளை போட்டுக்கொண்டிருப்பான். எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேருமே ரிக். ஒரே வண்டி, இரண்டு பேருக்கும் பங்கு. என் வீட்டுக்காரர் மூத்தவர். கவிதாவின் புருசன் குமார் இளையவன். வண்டி ஒரு நாள்கூட நிற்கக் கூடாது என்பதால் காதுகுத்துக்குக் குமார் மட்டும் இரண்டு நாள் லீவில் ரயிலேறி வந்திருந்தான். காதில் ஓட்டை போட வர முடிந்தது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அங்கே மழை பிடித்து, வண்டி சேற்றில் இறங்கும் காலத்தில்தான் இவர்கள் ஊருக்கு வருவார்கள். அப்போது இங்கே ஆடி. ஆடியில் நல்ல காரியம் எதுவும் செய்ய மாட்டார்கள். ஆவணி பிறந்ததும் கிளம்பிவிடுவார்கள். வீட்டில் எடுக்க வேண்டிய முடிவெல்லாம் இந்தச் சந்துக்குள் மாட்டிக்கொண்டு சாகும். மிச்ச நாளெல்லாம் போனில்தான் குடும்பம். நாம் ஒன்று சொன்னால் அந்தப் பக்கம் கம்பிரசர் சத்தம். "ஆ? என்னது? சத்தமாச் சொல்லு" என்பார். சத்தமாகச் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் நான் ஏன் மெதுவாகச் சொல்லப் போகிறேன்?

என் மகன் தை முடியும்போது பிறந்தான். பிரசவம் பார்த்த இடத்திலேயே சொல்லிவிட்டார்கள், வலது பக்கம் விதை இறங்கவில்லை என்று. திருச்செங்கோட்டில் குழந்தை டாக்டர் அம்மா ஒருவர் பொறுமையாக விளக்கினார். வயிற்றுக்குள் இருக்கும்போது ஆண் குழந்தைக்கு விதை மேலே, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில்தான் உருவாகுமாம். பிறப்பதற்கு முன்னால் மெல்ல இறங்கி, தொடையிடுக்கு வழியாகப் பைக்குள் வந்து சேரும். சில குழந்தைகளுக்குப் பாதி வழியில் நின்றுவிடும். குறைமாதக் குழந்தைக்கு இது இன்னும் அதிகம். ஆறு மாதம் வரைக்கும் தானாக இறங்க வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு இறங்காது. ஒரு வயதை ஒட்டி ஆபரேஷன் செய்து இறக்கி வைத்துவிட வேண்டும்.

"விட்டா என்னங்க ஆகும்?" என்று கேட்டேன்.

"வயித்துச் சூடு விதைக்கு ஆகாதும்மா. வெளிய தொங்கற மாதிரி வெச்சிருக்கறதே அதுக்குத்தான். உள்ளயே கெடந்தா கெட்டுப்போகும். பின்னாடி பிள்ளை பெறக்கறதுல சிக்கல் வரலாம். பெரியவனானப்பறம் கட்டி வர வாய்ப்பு கூடுது. சில பேருக்கு முறுக்கிக்கும். அது அபூர்வம். ஆனா வந்துச்சுன்னா அவசரம்."

அபூர்வம் என்று அவர் சொன்னதை நம்பினேன். அவர் பொய் சொல்லவில்லை. அபூர்வம் எங்கள் வீட்டுக்கே வந்தது.

ஆயிரம் வசவு, ஒரு வார்த்தை இல்லை

இதை வீட்டில் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை இல்லை. எங்கள் ஊர் ஆம்பிளைகள் சண்டை போட்டால் அந்த உறுப்பின் பெயர் இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. பஸ்ஸில் திட்டுவான், டீக்கடையில் திட்டுவான், பெற்ற பிள்ளையைத் திட்டுவான். ஆனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் "அது", "கீழ", "அங்க". நானும் மாமனாரிடம் "அது கீழ வரலீங்க" என்றுதான் சொன்னேன். என்னமோ மழை வரவில்லை என்பது போல.

அவர் சிரித்தார். "இதுக்குப் போயி டாக்டரா? மேலக்காட்டு மணி பையனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு அம்மிணி. சுடுதண்ணி ஊத்துனா எறங்கிக்கும், குளுருனா ஏறிக்கும். இப்ப அவன் காலேஜு போறான்."

மறுமுறை போனபோது டாக்டரிடம் இதையும் கேட்டேன். அது வேறு, இது வேறு என்றார். வெதுவெதுப்பான தண்ணீரில் இறங்கிப் பைக்குள் வந்து நின்றுவிட்டு, கூச்சத்தில் மேலே போவது பல பையன்களுக்கு உண்டு. அதைக் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். என் மகனுக்கு ஒரு தடவைகூட இறங்கவில்லை. தொடையிடுக்கில் சின்னப் பட்டாணி போலக் கைக்குத் தட்டுப்பட்டது. இதற்கு எண்ணெய் போட்டு நீவினாலும் மருந்து கொடுத்தாலும் பிரயோசனம் இல்லை என்றும் சொன்னார்.

வந்து அப்படியே ஒப்பித்தேன். அப்போது வீட்டுக்காரரும் ஊரில் இருந்தார். ஆடி மாதம். மாமனார் ஒரே சொல்லில் முடித்தார். "ஆடியில புள்ள மேல கத்தி வெக்கக் கூடாது."

"ஆவணியில இவரு போயிருவாருங்களே மாமா."

"அடுத்த வருசம் ஆவணிக்கு ஒரு வாரம் சேத்தி இருந்து பாத்துட்டுப் போறான். அப்பன் கையெழுத்து இல்லாம ஆஸ்பத்திரியில தொட மாட்டாங்க. உனக்கென்ன தெரியும்?"

என் நங்கையை, அதாவது வீட்டுக்காரரின் அக்காவை, இதே ஊரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறது. மாமியார் இல்லாத குறையை அந்த அம்மா நன்றாகவே தீர்த்து வைத்தார். "மாசமா இருக்கறப்ப வேண்டாம் வேண்டாம்னு சொல்லியும் மொட்ட மாடிக்குப் படியேறுனயில்ல, அதான்" என்றார். படியேறியது நான். இறங்காமல் போனது அது. என்ன விஞ்ஞானம் பாருங்கள்.

"அதவிட, வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்றும் சொன்னார்.

ஆறு மாதக் குழந்தைக்குப் பெண் பார்க்கிறார்கள். எங்கள் பக்கம் பையன்களுக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பு. பெண் பிறந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஊர் இது. இப்போது பெண் இல்லை என்று ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு கேரளா வரைக்கும் அலைகிறது. அந்தப் பயத்தில் பையனின் உடம்பைக்கூட ரகசியமாக வைக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் ஆவணியில் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

உரம்

மகனுக்குப் பத்து மாதம் முடிந்திருந்தது. மார்கழிக் காலை. எழுந்ததிலிருந்து வீறிட்டு அழுதான். குடித்த பாலைக் கக்கினான். காலை மடக்கி மடக்கி இழுத்தான். துணியை மாற்றப் போனால் தொடவே விடவில்லை.

நங்கை வந்து பார்த்தார். "உரம் உழுந்துருக்குது."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குழந்தையைத் தூக்கும்போது கழுத்தோ முதுகோ பிசகிவிட்டால் உரம் விழுந்துவிட்டது என்பார்கள். அதை எடுப்பதற்கென்று ஊரில் ஆள் இருப்பார்கள். சேலையை இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க, நடுவில் குழந்தையைப் போட்டு இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள். இந்தப் பக்கம் உரம் எடுக்காமல் வளர்ந்த பிள்ளை குறைவு.

"நங்கை, அதுவா இருக்குமோன்னு பயமா இருக்குதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிறலாங்க" என்றேன்.

"எது?" என்று என்னை முறைத்தார். வாசலில் பக்கத்து வீட்டுப் பெண் நின்றுகொண்டிருந்தது. "வாய மூடிக்கிட்டு வா."

உரம் எடுக்கிற ராக்கம்மாவுக்கு இவன் உடம்பு விவரம் எதுவும் தெரியாது. யாரும் சொல்லவில்லை. என்னையும் சொல்ல விடவில்லை. சேலையில் போட்டு உருட்டினார்கள். என் மகன் கத்தினான். உருட்டினார்கள். கத்தினான். பிறகு கத்தவில்லை.

"பாத்தியா, எடுத்ததும் அடங்கிட்டான்" என்றார் நங்கை. ராக்கம்மாவும் சிரித்தார்.

அடங்கவில்லை. அவனுக்குத் தெம்பு தீர்ந்துபோயிருந்தது.

உச்சிப் பொழுது தாண்டி மறுபடியும் கக்கினான். நான் கதவைச் சாத்திக்கொண்டு துணியை அவிழ்த்துப் பார்த்தேன். தொடையிடுக்கில் சிவந்து, கல்லாக ஒரு வீக்கம். யாரிடமும் கேட்கவில்லை. எதிர்வீட்டு வேனை நிறுத்தி ஈரோட்டுக்குக் கொண்டுபோனேன்.

குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டர் தொட்டுப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "எப்ப இருந்து அழுவறான்?"

"காலையில இருந்துங்க."

"எறங்காத விதைன்னு முன்னயே தெரியுமா?"

"தெரியுமுங்க."

அவர் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. "உடனே உள்ள எடுக்கணும். கையெழுத்துப் போடுங்க" என்றார்.

"அப்பா சட்டீஸ்கர்ல இருக்காருங்க."

"நீங்க அம்மாதானே?"

"ஆமாங்க."

"அப்ப நீங்க போட்டாப் போதும்மா."

போதுமாம். ஆடி, ஆவணி, அப்பன், கையெழுத்து என்று இத்தனை மாதம் என்னை உட்கார வைத்தார்கள். என் கையெழுத்தே போதுமாம்.

விதை முறுக்கிக்கொண்டு, ரத்தம் போகாமல் கறுத்துச் செத்துப்போயிருந்தது. எடுத்துவிட்டார்கள். மறுபக்கம் இருக்கிறதும் முறுக்கிக்கொள்ளக் கூடாது என்று தையல் போட்டு நிறுத்தினார்கள். ஒன்று நன்றாக இருந்தால் போதும், கல்யாணம், பிள்ளைகுட்டி எதற்கும் குறை வராது என்று டாக்டர் சொன்னார். கடைசியாக ஒன்று சொன்னார். "இது குடும்பத்துல வரலாம். அடுத்து யாருக்குப் பையன் பொறந்தாலும் பாக்கச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்தோம். மாமனார் ஊர் முழுக்கக் குடல் இறக்கத்துக்கு ஆபரேஷன் என்று சொல்லி முடித்திருந்தார்.

என்னையே நான் திட்டிக்கொள்ளவில்லையா என்று கேட்பீர்கள். திட்டிக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் அம்மாக்களைத் திட்ட வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

பந்தியில்

கோயில் அறைக்கு வருகிறேன். கவிதா கல்யாணமாகி வந்தது இதெல்லாம் நடந்து பல வருடம் கழித்து. குடல் இறக்கம் என்றுதான் அவளுக்கும் தெரியும். இப்போது அதற்கு மேல் இன்னொரு பொய்.

"அக்கா, ஏன் இப்படிப் பாக்கறீங்க?"

நான் துணியைக் கீழே போட்டுவிட்டுப் பந்திக்குப் போனேன். மாமனார் இலைகளைப் பார்த்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"மாமா, பெரியவனுக்குத் தானா எறங்கிருச்சுன்னு கவிதாகிட்டச் சொன்னீங்களா?"

"ஒறம்பரை சனமெல்லாம் சாப்புடறாங்க அம்மிணி. அப்பறம் பேசலாம்."

"சாப்புடட்டுங்க. சொன்னீங்களா இல்லையா?"

நங்கை ஓடி வந்து என் கையைப் பிடித்தார். "ஏய், உள்ள போடி. மானத்த வாங்காத."

கையை உதறினேன். "கெடாய்க்கு ரெண்டும் இருக்குதான்னு சந்தையில நின்னு தடவிப் பாத்தீங்க. அத எல்லாருகிட்டயும் பெருமையாச் சொன்னீங்க. பேரனுக்குப் பாக்க மட்டும் கூச்சமுங்களா? எம்பையனுக்கு எறங்கலீங்க. முறுக்கிச் செத்துப்போச்சு. வெட்டி எடுத்தாங்க. குடல் எறக்கம்னு சொன்னது பொய்யி. இப்பச் சின்னவனுக்கும் அதே மாதிரி இருக்குது. அதையும் மூடி வெக்கறீங்க."

பந்தியே நின்றுவிட்டது. மூன்றாவது இலையில் இருந்த பெரியவர் மட்டும் தலையைத் தூக்காமல், "கறி ஆறுது, பரிமாறுங்கப்பா" என்றார்.

மாமனார் இலைகளைத் தாண்டி என் முன்னால் வந்தார். "பொண்ணு வெச்சிருக்கறவங்க அத்தன பேரும் உக்காந்திருக்கற எடத்துல சொல்லிப்போட்டயே. ரெண்டு பசங்க பொழப்பையும் முடிச்சுப்போட்ட. இனி இந்த ஊட்டு நல்லது கெட்டதுக்கு நீ வராத."

"அண்ணி, நீங்க பண்றது நல்லால்லீங்க" என்றான் குமார். அவ்வளவுதான் அவனால் முடிந்தது. மறுநாள் ரயிலேறிவிட்டான்.

கவிதா அறை வாசலில் குழந்தையோடு நின்றிருந்தாள். போகிற வழியில் அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். "அப்பன் வர வேண்டியதில்ல. நீ கையெழுத்துப் போட்டாப் போதும்."

அதன் பிறகுதான் என் மகனைப் பார்த்தேன். எட்டாவது படிக்கிறான். பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன், சொம்பை வரிசை நடுவில் வைத்துவிட்டுச் சோளக்காட்டுக்குள் நடந்து போய்க்கொண்டிருந்தான். அவனுக்கு விஷயம் தெரியும். போன வருடமே உட்கார வைத்துச் சொல்லியிருந்தேன். குளிக்கும்போது தொட்டுப் பார்த்துக்கொள், வலியோ கட்டியோ இருந்தால் வெட்கப்படாமல் சொல் என்று. ஆனால் அவனுக்குத் தெரிவது வேறு, பந்திக்கே தெரிவது வேறு. வீட்டுக்கு வந்தும் அவன் என்னிடம் பேசவில்லை. சாப்பாடு வைத்தால் தின்றான். கேட்டால் தலையை ஆட்டினான்.

வீட்டுக்காரர் போனில் கத்தினார். அன்றைக்குக் கம்பிரசர் சத்தம் இல்லை. எல்லாம் தெளிவாகக் கேட்டது.

எந்த பஸ்ஸுங்க்கா?

அடுத்த வாரம் ஒரு போன் வந்தது. "அக்கா, நான் சங்ககிரி பஸ் ஸ்டாண்டுல நிக்கறனுங்க. தடுப்பூசி போடப் போறன்னு சொல்லிப்போட்டு வந்தேன். ஈரோட்டுக்கு எந்த பஸ்ஸுல ஏறோணுமுங்க்கா?"

கவிதாதான். அங்கேயே நில் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

ஈரோட்டில் அதே டாக்டர். இப்போது தலை நரைத்துவிட்டது. கையால் தொட்டுப் பார்த்து, தொடையிடுக்கிலேயே இருக்கிறது, ஸ்கேன்கூட வேண்டியதில்லை என்றார். ரத்தம் பார்த்து, மயக்க மருந்து டாக்டரிடம் காட்டி, நாள் குறித்துக் கொடுத்தார். அன்று சாயங்காலமே கவிதா புருசனுக்குப் போன் போட்டாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். "கையெழுத்து நான் போடறேன். வாரதுன்னா வாங்க, வராட்டிப் போங்க" என்றாள். நல்ல பிள்ளை.

குமார் வரவில்லை.

ஆபரேஷன் அன்று காலையில் உள்ளே எடுத்துப் போனார்கள். நாங்கள் டீ வாங்கி ஆற வைத்துக் குடித்து முடித்துக் கொஞ்ச நேரத்தில் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். தொடையிடுக்கில் சின்னதாக ஒரு வெட்டு, பையில் இன்னொன்று. விதையை இறக்கிப் பையில் வைத்துத் தைத்தாயிற்று. பொழுது சாய்வதற்குள் பையன் கவிதா மடியில் உட்கார்ந்து என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தான். அன்றைக்கே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். வருடா வருடம் காட்டச் சொன்னார்கள்.

கவிதா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவுதானா? இவ்வளவு சின்ன வேலைக்கா என் பிள்ளையைச் சேலையில் போட்டு உருட்டினீர்கள்?

பஸ்ஸில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது மகன் வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். நான் செருப்பைக் கழற்றும்வரை பேசாமல் இருந்தான்.

"தம்பிக்குச் சரியாயிருச்சா?"

காதுகுத்துக்குப் பிறகு அவனாகப் பேசிய முதல் பேச்சு.

"ஆயிருச்சு சாமி."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

தலையை ஆட்டினான். சைக்கிளைத் திருப்பிப் போட்டு, பெடலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். சக்கரம் நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.